கச்சான் காலத்தில் பைபர் வள்ளத்தையும் இஞ்சினையும் கரையேற்றி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவரி, கூட்டப்பனை, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று நம் நெல்லைக் கடற்கரையில் ஆனி பிறந்துவிட்டால் கச்சான், அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் பலத்த காற்று, ஓங்கிவிடும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. நாட்டுப்படகுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் தடை முடிகிற கையோடு வரும் ஆனி, ஆடிக் காற்று பல வள்ளங்களை வாரக்கணக்கில் மணலிலேயே உட்காரவைத்துவிடும். ஓடுகிற இஞ்சினைவிட நிற்கிற இஞ்சின்தான் அதிகம் கெடுகிறது. அந்த நாட்களுக்காகத்தான் இந்தப் பக்கம். இதில் சொல்வது பெரும்பாலும் 8 முதல் 40 குதிரைத்திறன் வரையுள்ள டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இஞ்சின்களுக்குப் பொருந்தும்.

எத்தனை நாள் நிறுத்துவதாக இருந்தால் இந்த வேலையெல்லாம் வேண்டும்?

இரண்டு மூன்று நாள் என்றால் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவினால் போதும். இரண்டு வாரம் என்றால் கார்ப்பரேட்டரில் கிடக்கும் எரிபொருளையும் வடித்துவிட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் கீழே சொல்கிற எதையும் விட முடியாது.

எத்தனை நாளானாலும் ஒன்று மாறாது. கழுவும் வேலை கரையேறிய அன்றைக்கே நடக்க வேண்டும். இஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் பாதைகள் விரல் நுழையாத அளவுக்குக் குறுகல். சூடான இஞ்சினில் மிச்சமிருக்கும் கடல் தண்ணீர் ஒரே இரவில் வற்றி, உப்பு கட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் கழுவினால் மேலாக இருப்பது கரையும், மூலையில் இறுகியது கரையாது. அலுமினியமும் இரும்பு போல்ட்டும் உப்பு ஈரத்தோடு சேர்ந்திருக்கும் இடத்தில் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரத் தொடங்கும். இரண்டு மாதம் கழித்து போல்ட்டில் ஸ்பேனர் வைத்தால் தலை மட்டும் கையோடு வருவது இதனால்தான்.

நல்ல தண்ணீரில் எப்படி ஓட்டுவது?

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மின் மேல்மூடியை அறுத்தெடுங்கள். இஞ்சினை மரச் சட்டத்தில் நன்றாக இறுக்கி, அதன் கால், அதாவது புரொப்பல்லர் இருக்கும் கீழ்ப்பகுதி, டிரம்முக்குள் இறங்கும்படி நிறுத்துங்கள். புரொப்பல்லரைக் கழற்றிவிடுவது நல்லது. கியர் தவறி விழுந்தாலும் கையை வெட்டாது, தண்ணீரையும் வாரி வெளியே அடிக்காது. புரொப்பல்லருக்கு மேலே அகலமான தட்டு ஒன்று இருக்கிறதல்லவா, தண்ணீர் மட்டம் அதற்கு மேல் நான்கு விரல் நிற்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் சல்லடைத் துளை அதற்குக் கீழேதான் இருக்கிறது.

நியூட்ரலில், மெதுவான ஓட்டத்தில் 10 முதல் 15 நிமிடம் ஓடட்டும். இஞ்சின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சும் தண்ணீரில் கையை வையுங்கள். முதலில் குளிர்ச்சியாக வரும், சில நிமிடத்தில் வெதுவெதுப்பாகும். தெர்மோஸ்டாட் (சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) திறந்து, தலைப்பகுதி வரை தண்ணீர் போய் வருகிறது என்பதற்கு அது அடையாளம். அந்தச் சூடு வருவதற்குள் நிறுத்திவிட்டால் உப்பு அதிகம் தங்கும் மேற்பகுதியைக் கழுவவே இல்லை என்று அர்த்தம்.

ஒரு டிரம் ஓட்டி முடித்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். முதல் டிரம்மில் உப்பும் புகை எண்ணெயும் கலந்திருக்கும். அதைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம்.

தண்ணீர் இல்லாமல் "ஒரு நொடிதானே" என்று கயிற்றை இழுக்கவே கூடாது. வாட்டர் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லருக்கு அந்தத் தண்ணீர்தான் வழுக்கு. காய்ந்த பம்பு உறைக்குள் சில நொடி சுற்றினாலே நுனி கருகிவிடும்.

எங்கள் ஊர்க் கிணறு உப்பு. அதில் கழுவலாமா?

வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் வேண்டாம். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அதுவும் பற்றாக்குறை என்றால் முதல் டிரம் கிணற்று நீர், கடைசி டிரம் ஆற்று நீர் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியாக உள்ளே நிற்கும் தண்ணீர் எது என்பதுதான் முக்கியம்.

மண்ணெண்ணெய் இஞ்சினுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம். மண்ணெண்ணெய் முழுதும் எரியாமல் கிரேங்க் கேஸுக்குள் தங்கி, பேரிங்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் பேரிங்குக்கு வேறு எண்ணெய் கிடையாது, எரிபொருளோடு வருவதுதான். அதனால் டிரம்மில் ஓட்டும்போது பெட்ரோலுக்கு மாற்றி, குறைந்தது பத்து நிமிடம் பெட்ரோலிலேயே ஓட்டி நிறுத்துங்கள்.

அந்தக் கடைசி ஓட்டத்துக்கு மட்டும் கலவையைக் கெட்டியாக்குங்கள். பெட்ரோலுக்கு வழக்கமான 50க்கு 1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி எண்ணெய் (டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான எண்ணெய்). கரையேற்றும் நாளில் லிட்டருக்கு 40 மில்லி. புகை கூடும், கூடட்டும். அந்தப் புகைதான் உள்ளே எல்லா இடத்திலும் எண்ணெயைப் பூசுகிறது.

சிலிண்டருக்குள் எண்ணெய் விடுவது எப்படி, எவ்வளவு?

இஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்ப்பரேட்டர் வாயில் ஃபாகிங் ஆயில் (உள்ளே துரு பிடிக்காமல் பூசும் எண்ணெய்) ஸ்பிரேயை விட்டுவிட்டு அடியுங்கள். வெள்ளைப் புகை கனமாக வந்து, இஞ்சின் திணறி, தானாக நிற்கும். ஸ்பிரே கிடைக்கவில்லை என்றால் சின்ன எண்ணெய் டின்னில் டூ-டி எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாலும் வேலை நடக்கும். மொத்தமாக ஊற்றிவிடக் கூடாது.

அடுத்து பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, விடுங்கள். இஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை எட்டுப் பத்து முறை மெதுவாக இழுங்கள். சுவிட்சைப் பிடுங்காமல் இழுத்தால் வெளியே கிடக்கும் பிளக் வயரில் நெருப்புப் பொறி அடிக்கும். துளை வழியாக வரும் எண்ணெய்ப் புகை பற்றிக்கொள்ளும். பிறகு பிளக்கைக் கையாலேயே திருகி, உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் வைக்க வேண்டும். தலை அலுமினியம். மரை போனால் வேலை பெரிதாகிவிடும்.

கார்ப்பரேட்டரை வடிப்பதற்கு, எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு ஓடி நிற்கவிட்டால் போதாதா?

ஒரு கார்ப்பரேட்டர் உள்ள சின்ன இஞ்சினுக்கு ஓரளவு போதும். இரண்டு மூன்று இருந்தால் ஒன்று முதலில் காய்ந்து, அந்த சிலிண்டர் எண்ணெய் இல்லாமல் ஓடும். ஃபாகிங் செய்த பலனும் போகும். கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிதிருகைத் திறந்து வடிப்பதே சரி. வடிந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டால், டேங்கிலும் தண்ணீர் இருக்கிறது.

டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல்?

வைக்க வேண்டாம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் உறிஞ்சு குழாயும் அடியில்தான் இருக்கிறது. கடைசி வாரம் அளவாக வாங்கித் தீர்த்துவிட்டு, டேங்கைக் கவிழ்த்து உலர்த்தி, மூடியை இறுக்கி வையுங்கள். குழாயில் இருக்கும் ரப்பர் கைப்பம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று அப்போதே அழுத்திப் பாருங்கள்.

கியர் ஆயிலை இப்போதே மாற்ற வேண்டுமா, கடலில் இறக்கும்போது மாற்றலாமா?

இப்போதே. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் அது இரண்டு மாதமும் பல்சக்கரத்தையும் பேரிங்கையும் தின்றுகொண்டே இருக்கும்.

அடித் திருகை முதலில் கழற்றி, அடியில் சட்டி வைத்து, பிறகு மேல் திருகைக் கழற்றுங்கள். வருகிற எண்ணெயின் நிறம்தான் நோயைச் சொல்லும். கறுப்பாக, தெளிவாக வந்தால் வயசான எண்ணெய், கவலை இல்லை. பால் கலந்த காபி மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அடித் திருகின் காந்தத்தில் மை போன்ற பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம். நகத்தில் தட்டுப்படுகிற செதில் இருந்தால் பல் உடைகிறது, பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

காபி நிறம் வந்தால் முதலில் புரொப்பல்லர் தண்டின் சீலை, அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை, பாருங்கள். நம் கரையில் இதற்குப் பெரிய காரணம் தங்கூசி என்கிற நைலான் நரம்பு. வலையிலிருந்தோ தூண்டிலிலிருந்தோ அறுந்த நரம்பு புரொப்பல்லரில் சுற்றி, உள்ளே நகர்ந்து, பின்பக்க வாஷருக்கும் சீலுக்கும் நடுவில் போய் உட்காரும். சுற்றுகிற சூட்டில் உருகி, கண்ணாடி வளையல் மாதிரி இறுகிவிடும். வெளியே ஒரு நூல்கூடத் தெரியாது. பிளேடால் வளையத்தை வெட்டி எடுத்தால் அடியில் சீலின் உதடு கீறியிருப்பதைப் பார்க்கலாம். கீறிய சீலுக்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும். புரொப்பல்லரை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றுவது போதாது, மாதம் ஒருமுறை கழற்றுங்கள்.

புது எண்ணெய் ஊற்றுவது அடித்துளை வழியாக. மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும், பாதி நிறைந்ததையே நிறைந்ததாக நினைத்துவிடுவோம். டியூபை அடியில் பொருத்தி அழுத்திக்கொண்டே வாருங்கள். மேல்துளையில் குமிழி நின்று எண்ணெய் வழிந்ததும், மேல் திருகை முதலில் மூடி, பிறகு டியூபை எடுத்து அடித் திருகைச் சட்டென்று மூடுங்கள். இரண்டுக்கும் புது வாஷர். 15 குதிரைத்திறன் வகைக்கு ஏறத்தாழ கால் லிட்டர் பிடிக்கும். தரம் 90 கியர் ஆயில், கையேட்டில் சொன்ன வகை.

இம்பெல்லரை ஆண்டுதோறும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மாற்றுங்கள். மணல் கலந்த அலையில் இறங்கி ஏறும் வள்ளங்கள் நம்முடையவை, இம்பெல்லர் சீக்கிரம் தேயும். நிற்கிற நாட்களில் அதன் இறக்கைகள் வளைந்த வாக்கிலேயே இறுகிவிடும். புதியதைப் போடும்போது மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் பக்கமாகத் தண்டைச் சுற்றிக்கொண்டே பம்பு உறையை இறக்குங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் இறக்கை திரும்பிக்கொள்ளும். பழையதில் ஓர் இறக்கை உடைந்து காணவில்லை என்றால் அந்தத் துண்டு மேலே போகும் குழாயில் அடைத்துக் கிடக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூடினால் புது இம்பெல்லரால் பயனில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடச் சொல்கிறார்களே?

தவறான யோசனை. அது இல்லாமல் இஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். மண்ணெண்ணெய் சரியாக எரியாது, பிளக் கறுக்கும், பிஸ்டன் தலையில் கரி ஏறும். கழற்றி நூலில் கட்டி, சுடவைக்கும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சூடேறும்போது திறந்து, ஆறும்போது மூடினால் நல்லது. இல்லையேல் புதியது வாங்குங்கள்.

வாரம் ஒருமுறை கயிறு இழுத்து ஐந்து நிமிடம் ஓட்டினால் இத்தனை வேலையும் மிச்சம்தானே?

மிச்சமில்லை, கேடுதான். ஐந்து நிமிடத்தில் இஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. எரியும்போது உண்டாகும் நீராவி உள்ளேயே பனித்துத் தங்கும். பூசிவைத்த எண்ணெய்ப் படலமும் எரிந்துபோகும். ஒன்று, முறையாக மூடிவைத்துத் தொடாமல் இருங்கள். அல்லது டிரம்மில் இறக்கி இருபது நிமிடம் நன்றாக ஓட்டி, மறுபடி எண்ணெய் பூசி மூடுங்கள்.

துத்தநாகக் கட்டை பாதி கரைந்திருக்கிறது. இன்னும் ஓடுமா?

மாற்றிவிடுங்கள். அது கரைந்தால்தான் இஞ்சின் கால் கரையாமல் இருக்கும். அதன் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரிய வைத்த பிறகு முடுக்குங்கள்.

இஞ்சினை எங்கே, எப்படி வைப்பது?

நின்ற நிலையில், மரச் சட்டத்தில். படுக்கவைத்தே தீர வேண்டும் என்றால் நிற்கவைத்துத் தண்ணீர் முழுதும் வடிந்த பிறகுதான். தலையைவிடக் கால் உயர்ந்துவிடக் கூடாது. உயர்ந்தால் மிச்சத் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

பாலித்தீன் தாளைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. பகலில் சூடாகி, இரவில் உள்ளே வேர்க்கும். மூன்று நாளில் துரு பூக்கும். பருத்தித் துணியோ பழைய சாக்கோ போர்த்தி, பனையோலைக் கொட்டகையின் நிழலில் வையுங்கள். காற்றோட்டம் வேண்டும், மணல் வேண்டாம். கச்சான் காற்று தேரியின் செம்மணலையும் கரை மணலையும் ஒருசேர வாரி அடிக்கும். கார்ப்பரேட்டர் வாயை எண்ணெய் நனைத்த துணியால் அடையுங்கள். துணியின் நுனி வெளியே தொங்கட்டும், மறக்காது. தண்ணீர் பீய்ச்சும் சின்னத் துளையில் குளவி மண்கூடு கட்டும். அதற்கும் ஒரு துண்டுத் துணி.

கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் தண்ணீரில் கரையாத மெரின் கிரீஸை, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடியுங்கள். புரொப்பல்லர் தண்டின் பள்ளங்களிலும் பூசுங்கள்.

வள்ளத்தைக் கவிழ்த்து வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா?

சின்னது என்றால் கவிழ்க்கலாம். பெரியதை நிமிர்த்தி, முன்னணியம் ஒரு முழம் உயரும்படி, வடிகால் அடைப்பானைக் கழற்றி வையுங்கள். தாங்குவதற்கு இரண்டு தென்னந்தடி மட்டும் போட்டால் பாரமெல்லாம் இரண்டு கோட்டில் இறங்கி, பைபர் உள்ளே குழியும். மூன்று நான்கு இடத்தில் மணல் மூட்டையோ பழைய டயரோ வைத்துப் பாரத்தைப் பரப்புங்கள். அலை ஏறுகிற கோட்டுக்கு மேலே வையுங்கள். ஆடி அமாவாசை, பௌர்ணமி நாட்களில் தண்ணீர் எங்கே வரை ஏறும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

வெடித்த இடத்தை நாமே ஒட்டலாமா?

கையளவு வெடிப்பை ஒட்டலாம். உள்ளே ஈரம் இருக்கும்வரை ஒட்டவே கூடாது. ஒரு வாரம் வெயிலில் காயவிடுங்கள். வெடிப்பைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து இறக்குங்கள். பைபர் தடிமன் அரை சென்டிமீட்டர் என்றால் சரிவு ஆறு சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். மேட் துணியின் எடைக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். கெட்டியாக்கி, கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். நம் கோடை வெயிலில் 10 கிராமே தாராளம், கூட்டினால் தூரிகை நனைவதற்குள் இறுகிவிடும். காலையிலேயே, காற்று எழும்புமுன் முடித்துவிடுங்கள். ஈர ரெசினில் மணல் ஒட்டினால் அடுத்த அடுக்கு பிடிக்காது.

ஓர் எச்சரிக்கை. ரெசினைச் சீக்கிரம் இறுகவைக்கும் கோபால்ட் திரவத்தையும் கெட்டியாக்கியையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் கலக்கி முடித்த பிறகே கெட்டியாக்கி.

பேட்டரி?

நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4க்குக் கீழே இறங்கினால் ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அடுப்பங்கரையில் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள், ஹைட்ரஜன் வாயு வரும்.

தூத்துக்குடியிலோ சின்னமுட்டத்திலோ தண்ணீரிலேயே நிற்கும் விசைப்படகுக்கு?

தடைக்காலத்தில் கரையேற்ற முடியாமல் துறைமுகத்திலேயே நிற்கிற டீசல் படகுக்கு ஆபத்து அடியில் இருக்கிறது. புரொப்பல்லர் தண்டு வெளியேறும் இடத்தை அடைக்கும் கிளாண்டு ஓடும்போது சொட்டுவது இயல்பு. நிறுத்தியதும் சொட்டு நிற்கும்வரை இறுக்குங்கள். மறுபடி ஓட்டுமுன் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் தண்டு தேய்ந்து புகையும். மறக்காமலிருக்க இஞ்சின் சாவியில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

கடல்நீர் வால்வை மூடிவிட்டு, உறிஞ்சு குழாயைக் கழற்றிப் பெரிய வாளியில் விட்டு நல்ல தண்ணீரை இஞ்சின் வழியாக ஓட்டி எடுங்கள். இஞ்சின் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே மாற்றுங்கள். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம் நிற்கிற நாட்களில் பேரிங்கை அரிக்கும். டீசல் டேங்கை விளிம்புக்குச் சற்றுக் குறைய நிரப்புங்கள். வெற்றிடம் குறைந்தால் உள்ளே வேர்ப்பதும் குறையும். தண்ணீர் சேர்ந்த டீசலில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கோழையாக ஃபில்டரை அடைக்கும். படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்சை வாரம் ஒருமுறை கையால் தூக்கிச் சோதியுங்கள். கயிறு உரசும் இடத்தில் பழைய டியூபைச் சுற்றுங்கள். சும்மா நிற்கும் அடிப்பக்கத்தில் சிப்பியும் கொட்டலசும் வேகமாக ஏறும். மறுபடி கடலுக்குப் போகுமுன் ஆள் மூழ்கிச் சுரண்டத்தான் வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் இஞ்சினுக்குள் உறைதடுப்புத் திரவம் ஊற்றுகிறார்களே, நமக்கு வேண்டாமா?

வேண்டாம். அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறைகிறது. உறையும்போது கிட்டத்தட்ட 9 விழுக்காடு விரியும், வார்ப்பிரும்பு பிளாக்கே பிளந்துவிடும். அதனால்தான் கடல்நீர்ப் பாதையை வடித்து, நஞ்சு குறைந்த புரொப்பிலீன் கிளைக்கால் திரவத்தை, வெளியேறும் தண்ணீர் அந்த நிறத்துக்கு மாறும்வரை ஓட்டுகிறார்கள். தண்ணீரிலேயே படகை விடுகிறவர்கள் அடைப்பான்களையும் கிளாண்டையும் உறையாமல் காக்க வேண்டும். குளிர்நாட்டில் படகு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அது உயிர்வேலை. நம் கரையில் உறைபனிக்கு இடமே இல்லை, இங்கே எதிரி உப்பு.

நல்ல தண்ணீர் சுற்றும் மூடிய ரேடியேட்டர் உள்ள டீசல் இஞ்சினுக்கு மட்டும் கூலன்ட் வேண்டும். அது துருவைத் தடுப்பதற்காக. எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் இனிக்கும், ஆடும் நாயும் நக்கினால் சாகும். திறந்த சட்டியில் விடாதீர்கள்.

கரையேற்றும்போது அலையில் கவிழ்ந்து இஞ்சின் மூழ்கிவிட்டது. என்ன செய்ய?

கைக்கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டிய நேரம் இது. தண்ணீருக்குள் இருக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும். காற்றுப் பட்டதும் வேகமெடுக்கும். மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் முழுதும் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றி, துளை கீழே பார்க்கும்படி சாய்த்து, ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். எங்காவது தட்டுப்பட்டால் மேலே சுற்றாதீர்கள். கார்ப்பரேட்டரை வடித்துக் கழுவி, சிலிண்டரில் எண்ணெய் விட்டு, கெட்டிக் கலவையில் அன்றைக்கே ஸ்டார்ட் செய்து அரைமணி நேரம் டிரம்மில் ஓட்டுங்கள்.

மெக்கானிக் வர ஒரு நாள் ஆகும் என்றால், இஞ்சினை வெயிலில் காயவைக்காமல் நல்ல தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்துவிடுங்கள். கேட்க விநோதமாக இருந்தாலும் அதுதான் காப்பாற்றும்.

காற்று ஓய்ந்து மறுபடி இறக்கும் நாளில்?

அடைத்த துணிகளை எண்ணி எடுங்கள். கியர் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். டிரம்மில் முதல் சில நிமிடம் கனமாகப் புகையும், பழைய பிளக் எண்ணெயில் நனைந்து அடிக்கடி நிற்கும். புகை தெளிந்ததும் புது பிளக் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் உடனே நிறுத்தி, முதலில் அந்தத் துளையில் கம்பி விட்டுப் பாருங்கள். முதல் நாள் கரை தெரியும் தூரத்தில், இன்னொரு வள்ளத்தோடு சேர்ந்து போங்கள். பெட்டியில் பிளக் ஒரு ஜோடி, பிளக் ஸ்பேனர், புரொப்பல்லர் பின் இரண்டு, மாற்றுக் கயிறு ஒன்று, தங்கூசி வெட்ட நல்ல கத்தி ஒன்று இருக்கட்டும்.